நான்காம் படுகையின் வெள்ளிக் கரண்டி

மூக்கு வேலை செய்யாத மனிதருக்கு மூக்கண்ணன் என்று பெயர் வைத்தது சாயப்பட்டறையின் குசும்பு. முகத்தில் மூக்கு என்னவோ எடுப்பாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடம் வெளுப்புப் பிரிவில் நின்றவர் அவர். சாயம் ஏற்றுவதற்கு முன் துணியில் ஏற்கெனவே இருக்கும் மங்கல் நிறத்தை உரித்தெடுக்கிற தொட்டிகள் அங்கே இருந்தன. ஒரு நாள் குளோரின் குழாயின் மூட்டு பிடி விட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓட, இவர் வால்வுக்கு ஓடினார். மூடிவிட்டுத்தான் விழுந்தார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மூச்சு திரும்பியிருந்தது, மோப்பம் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையின் மதிலுக்குப் பின்னால் நாணல் படுகைகள் போட்டிருந்தார்கள். சாயக் கழிவுநீரைச் செடியை வைத்துச் சுத்தம் செய்யும் ஏற்பாடு. அங்கே வேலைக்கு நிற்க ஆள் கிடைக்கவில்லை. போனவர்கள் ஒரு வாரம் நின்றார்கள், இரண்டு வாரம் நின்றார்கள், வாடை தாங்காமல் முன்பக்கம் வந்துவிட்டார்கள். வாடையே தெரியாத ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தது நிர்வாகத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. நன்றியா சௌகரியமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முடிவில் அவரைப் பின்பக்கம் அனுப்பினார்கள். எட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

படுகைகள் நான்கு. ஒவ்வொன்றும் இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், இடுப்பளவு ஆழம், நிறையக் கூழாங்கல். கல்லுக்கு மேல் நாணலும் சம்பங்கோரையும் ஆள் உயரத்துக்கு நிற்கும். தண்ணீர் வெளியே தெரியாது, கல்லுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். ஒரு முனையில் கத்தரிப்பூ நிறத்தில் உள்ளே போகிற தண்ணீர், மூன்று நாள் கழித்து மறுமுனையில் வெறும் தேநீர்த் தெளிவில் வந்து விழும்.

படுகை போட வந்த பொறியாளர் ஒரு பெண். இவரை விடப் பதினைந்து வயது சின்னவர். முதல் நாளே ஒரு கல்லை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருந்தது. செடி அழுக்கைக் குடிப்பதில்லை, இந்த வழவழப்பில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தின்கின்றன, வேர் அவற்றுக்கு மூச்சுக் கொடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை, அதனால் கல்லைக் கழுவவே கூடாது என்று சொன்னார். நல்லபடியாக ஓடும் படுகை மழை பெய்த மண் போல வாசம் வீசும், மூச்சு முட்டிய படுகை அழுகிய முட்டை போல நாறும், மூக்கைத் தவிர வேறு கருவி வேண்டாம் என்றும் சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தன் மூக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிடைத்திருக்கும் வேலையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

அந்தக் குறைக்கு ஒரு வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் அவர் மனைவி போன கதையை முதலில் சொல்ல வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தார்கள். மூன்று மாதம் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மனைவி போனாள். மூன்று மாதம் ஆறானது, ஆறு மாதம் நான்கு வருடமானது. சண்டை இல்லை, கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, குழந்தை இன்னிக்கு இப்படிச் சொல்லுச்சு. பத்து நிமிடம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதில் குறையாக எதுவும் தெரியாது.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும் என்று அவர் நினைத்தார். அவள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, அடுக்களையில் தன் தங்கையோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வீடு முழுக்க அந்த வாடைதான்டீ. துணியை எத்தனை அலசினாலும் போறதில்ல," என்றாள். இவர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய், அரை மணி நேரம் தெருவைச் சுற்றிவிட்டு, அப்போதுதான் வருகிறவர் போல வந்தார்.

அன்றிலிருந்து தினம் மூன்று முறை குளிக்கிறார். காலையில் ஒன்று, பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று. போதுமா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், அது தன்னாலா, இல்லை கூட்டமே இல்லையா என்று யோசிப்பார். தன் உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க, தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது ஒரு விசித்திரமான தனிமை. மற்றத் தனிமையில் ஆள் தன்னோடாவது இருக்கலாம்.

மனைவி போன பிறகு ஒரு நாள், இழுப்பறையில் ஒரு வெள்ளிக் கரண்டி கிடைத்தது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு ஊட்டியது, விரல் நீளம்தான் இருக்கும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே வெள்ளி. அதை மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு நாள் அதைப் படுகையின் முனையில் தண்ணீர் வந்து விழும் சின்னத் தொட்டியின் விளிம்பில் மறந்து வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் கரண்டி கரிக்கட்டை. அந்தப் படுகையின் பம்பு இரண்டு நாளாக மக்கர் செய்து, கல்லுக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. அழுகல் வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பது வெளுப்புப் பிரிவில் வேலை பார்த்தவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான்கு படுகைகளின் தொட்டி மூடிக்கடியிலும் ஒவ்வொரு கொக்கி அடித்தார். அன்று முதல் கரண்டி ஒவ்வொரு படுகையிலும் இரண்டு நாள் தொங்கும். வெள்ளையாக இருந்தால் படுகை நலம். கறுத்தால் அந்தப் படுகைக்குத் தண்ணீரைக் குறைத்து, கல்லைக் காற்று வாங்கவிட்டு, வேர் மூச்சுவிட அவகாசம் கொடுப்பார். வாரம் ஒரு முறை பாட்டிலில் தண்ணீர் எடுக்க வரும் பரிசோதனைக்கூடத்துப் பெண், "அண்ணே, உங்க மூக்கு பரவாயில்லையே," என்பாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேச்சு வழக்கத்துக்கு மாறாகப் போனது. குழந்தைக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடம் என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை ஒரு நாள் வருவதாகவும், கொஞ்சம் சாமான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

"அந்தச் சின்ன வெள்ளிக் கரண்டி இருக்குல்ல, அதையும் எடுத்து வைங்க. பாப்பா கேக்கறா, அப்பா சாப்பிட்ட கரண்டியாம். அப்படியே உங்க நாணலையும் ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

குழந்தைக்குப் பள்ளிக்கூடம். அப்படியென்றால் பகலில் மகன் வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. நாணலைப் பார்க்க வேண்டும் என்கிறாள், நான்கு வருடத்தில் கேட்காதது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வர அவருக்கு வெகு நேரம் ஆகவில்லை. சாமான் எடுக்க வேண்டும் என்பதும், 'பாத்துட்டுப் போறேன்' என்பதில் இருந்த போவதும் அந்தக் கணக்கில் சேரவில்லை. வேண்டியதைச் சேர்த்து வேண்டாததை விட்டுக் கூட்டுவது அவர் ஒருவர் மட்டும் செய்கிற பிழை அல்ல.

வெள்ளிக்கிழமை அவளிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். இங்கேயே இருந்துவிடு என்று. அதற்கு முன் ஒன்று நிச்சயமாக வேண்டும். அவள் அங்கே வந்து நிற்கும்போது வாடை அடிக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கரண்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி, கழுவி, பல்பொடி போட்டுத் தேய்த்து, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேத்தி வாயில் வைக்கப்போகும் கரண்டியை அந்தத் தொட்டியில் தொங்கவிட முடியுமா?

இரண்டாவது வேலைதான் வினை. நான்காம் படுகை நடைபாதையை ஒட்டி இருந்தது. அவள் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள். நாணல் பச்சையாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் நின்றது. கல்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கறுத்து, கொழகொழவென்று, சாக்கடை ஓரம் போல. கல்லைக் கழுவக் கூடாது என்று பொறியாளர் சொன்னது மறந்துபோகவில்லை. ஆனால் அது காதால் கேட்டது. வெள்ளையாக இருப்பதுதான் சுத்தம் என்பதோ பத்தொன்பது வருடம் கையால் கற்றது. ஒரே ஒரு படுகை, ஒரே ஒரு ராத்திரி, அதனால் என்ன வந்துவிடும்?

நான்காம் படுகைக்கு வரும் தண்ணீரை அடைத்தார். பழைய பிரிவிலிருந்து பிளீச்சிங் பவுடர் இரண்டு மூட்டை வாங்கி வந்து, டிரம்மில் கரைத்து, கல் மூழ்கும் அளவுக்கு விட்டார். எவ்வளவு பவுடருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போட்டது. நெடுநாள் கழித்து ஒரு வேலை இப்படித் தடங்கலில்லாமல் நடந்தது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. செவ்வாய்க்கிழமை வடித்தபோது கற்கள் பல் போல வெளுத்திருந்தன. கையில் எடுத்துத் தேய்த்தார். சொரசொரவென்று இருந்தது. திருப்தியோடு சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

புதன்கிழமை மதியம் வாட்ச்மேன் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தே குரல் கொடுத்தார். "என்ன மூக்கண்ணே, இன்னிக்குப் பலமான சமையலா?" இது எட்டு வருடத்துக் கிண்டல். மாதத்தில் பத்து நாள் காதில் விழுவது. "ஆமா, உனக்கு ஒரு இலை போட்டு வைக்கவா?" என்று இவரும் எட்டு வருடத்துப் பதிலைச் சொன்னார். வியாழக்கிழமை நெசவுப் பிரிவுப் பெண்கள் இருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அதுவும் வழக்கம்தான். எல்லா நாளும் நாறுகிறது என்று விளையாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர்களிடம், நிஜமாக நாறுகிற நாளில் வேறு சொல் மிச்சமில்லை. கரண்டி தொங்கியிருந்தால் அது சொல்லியிருக்கும். கரண்டியோ சட்டைப் பையில் பளபளவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மனைவி வந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கண்ணாடி புதிது. வீட்டில் மூன்று மணி நேரத்தில் இரண்டு பை நிறையச் சாமான் கட்டினாள். இவர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, கேட்க வேண்டியதைத் தொண்டை வரை கொண்டுவந்து மறுபடி விழுங்கினார். நாணலைப் பார்த்த பிறகு கேட்கலாம். காலையிலிருந்து இரண்டு முறை குளித்திருந்தார். கிளம்பும் முன் மூன்றாவது முறையும் குளித்தார்.

மதிலின் சின்னக் கதவைத் திறந்து அவளை முன்னால் விட்டார். அவள் நான்கு அடி வைத்தாள். நின்றாள். கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். மறைக்க முயன்றது போலவும் இருந்தது, முடியாதது போலவும் இருந்தது.

அவர் கேட்டார், "வாடை அடிக்குதா?"

"ஏங்க, உங்களுக்கு..." என்று தொடங்கியவள், நிறுத்திக்கொண்டாள். பிறகு, "அடிக்குது," என்றாள்.

அவர் வெள்ளைக் கற்களையே பார்த்தார். இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அப்போதுதான் நாணலின் அடித்தண்டு மஞ்சளடித்திருப்பது கண்ணில் பட்டது. மறுமுனைக்கு நடந்து போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே போன அதே கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செத்துப்போன வழவழப்பு அடியில் தங்கி அழுகிக்கொண்டிருந்தது. தின்ன வேண்டியவற்றை இவரே கொன்றிருந்தார். இதையெல்லாம் அவளிடம் சொல்ல நான்கைந்து வாக்கியம் போதுமாயிருந்தது. சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். யாருக்காகக் கழுவினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அவள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "மத்த மூணும் எப்படி இருக்கு?"

"தெரியலையே. கரண்டி..."

"கரண்டி என்ன?"

அதையும் சொன்னார். கொக்கியைக் காட்டினார். பேத்திக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த கரண்டி எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்ததும் அவள் முகம் கோணியது. அடுத்த நொடி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. அவளை அப்படி அவர் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. "நல்லவேளை பாப்பாகிட்ட சொல்லாம இருந்தீங்க. வாங்க, நான் பாக்கறேன்," என்றாள்.

அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் போனார். மூன்றாம் படுகையின் ஓரத்தில் குனிந்து, நாணலை விலக்கி, மூச்சை இழுத்தாள். இங்கே ஒன்றும் இல்லை என்றாள். இரண்டாம் படுகையிலும் அப்படியே. முதல் படுகையில் வெகு நேரம் நின்றாள். ஒரு கல்லை எடுத்து முகர்ந்து பார்த்தாள். வழவழத்த கறுப்பு அவள் விரலில் ஒட்டியது.

"மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்குங்க. நெஜமாவே. நல்லா இருக்கு."

எட்டு வருடமாக இவர் காவல் காத்த வாசம் அது. இன்னொருவர் வாயால் கேட்டது அன்றுதான். சந்தோஷம் என்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. நீண்ட நாள் கடித்துக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றியது போல ஏதோ ஒன்று. அந்தத் துணிச்சலில், படுகை ஓரத்துச் சிமெண்டுத் திட்டில் அவள் உட்கார்ந்ததும், கேட்க நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"வாடைக்காகத்தானே போன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தங்கையோடு பேசியது இவர் காதில் விழுந்திருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இல்லவே இல்லை என்று அவள் உடனே சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும்தான்," என்றாள்.

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கருகினாலும் சொன்னதில்லை, நன்றாக இருந்தாலும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு ஆள் இருப்பதே இவருக்குத் தெரிகிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே அந்தக் குழந்தை தூக்கத்தில்கூட அவள் கழுத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறது. இதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் பிரித்தாள். கரண்டி பளிச்சென்று இருந்தது. கைப்பிடியின் பூவேலைப்பாட்டு இடுக்கில் மட்டும் எந்தப் பல்பொடிக்கும் போகாத கறுப்பு ஒரு கோடாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் விரலால் தடவினாள். பிறகு எழுந்து, நான்காம் படுகையின் முனைக்கு நடந்து போய், மூச்சை அடக்கிக்கொண்டு மூடியைத் தூக்கி, கரண்டியைக் கொக்கியில் மாட்டினாள்.

"பாப்பாவுக்கு வேற வாங்கிக்கலாம். உங்களுக்கு மூக்கு இது ஒண்ணுதானே."

கருணையோடுதான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது. அவளே இங்கே இருக்கப்போகிறாள் என்றால் மூக்குக்குக் கரண்டி எதற்கு? அவர் மூடியைச் சரியாகப் பொருத்தி மூடினார். பேருந்து நிலையம் வரை இரண்டு பைகளையும் அவரே தூக்கிக்கொண்டு போனார். ஐந்தரை மணிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பேருந்து நகரும்போது அவள், "மாத்திரையை மறக்காதீங்க," என்றாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டார். வெளுத்ததையும் சொன்னார், மூக்கு வேலை செய்யாததைப் பொறியாளரிடம் மறைத்ததையும் சொன்னார். இரண்டாவதைச் சொன்னபோது சூப்பர்வைசர், "இது என்ன ரகசியமாண்ணே? ஊருக்கே தெரியுமே," என்றார். திட்டு விழுந்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. நான்காம் படுகைக்குத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, அதிலிருந்து வருவதைத் திரும்பக் கழிவுநீர் வந்து சேரும் முதல் தொட்டிக்கே ஏற்றும்படி சொன்னார்கள். பொறியாளரை ஃபோனில் பிடித்துக் கேட்டதற்கு ஒரே வழிதான் சொன்னார். நல்ல படுகையிலிருந்து அழுக்குக் கல்லை எடுத்துக் கெட்ட படுகையில் கலக்க வேண்டும்.

அதைத்தான் செய்தார். முதல் படுகையில், அவள் நின்ற ஓரத்திலிருந்து தொடங்கி, தினம் இருபது வாளி. கறுத்து வழவழத்த கற்களை வெள்ளைக் கற்களுக்கிடையில் புதைத்தார். வெளுப்பதற்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது, அழுக்காக்க ஏழு வாரம் ஆனது. முதலில் கரண்டி ஒரே நாளில் கறுத்தது. தேய்த்து மாட்டினார். இரண்டு நாளில் கறுத்தது. தேய்த்து மாட்டினார். நாணலின் மஞ்சள் தண்டுகளுக்கு அடியிலிருந்து ஊசி போல முளைகள் வந்தன. குளியலை மட்டும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொண்டார். எதற்காக என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டாவது வார ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. குழந்தை பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளாம். சாப்பிட்டீங்களா. மாத்திரை போட்டீங்களா. பிறகு இவர், கரண்டி ஆறு நாளாக வெள்ளையாகவே இருக்கிறது என்றார்.

"அப்படியா," என்றாள் அவள். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே, நினைவில்லாமல், யாரிடமும் கேட்பது போல இவரிடமும் கேட்டுவிட்டாள். "வாசம் எப்படி இருக்கு?"

அவர் ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மழை பெஞ்ச மண்ணு மாதிரி," என்றார்.